வியாழன் காலை பத்து மணி

வாஷிங்டன்
செவ்வாய்க்கிழமை, மதியம்

அன்புள்ள எல்வுட் அண்ணாவுக்கு,

ரோவீனா எழுதுகிறேன். நான் சுகம். உன் முட்டிவலி, மார்லீன் அண்ணியின் இருமல், போன வாரக் காற்றில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிட்டேன். நீயும் சலித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டாய். ஆகவே இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை.

நீ கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தேனே, அதற்காக எழுதுகிறேன். பதிலை இதிலும் எழுதப் போவதில்லை. எழுதி முடித்து, உறையில் போட்டு, சமையலறை இழுப்பறையில் வைத்துவிடுவேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தின் மதிப்பீடு வெளியாகும். அதற்குப் பிறகுதான் தபால் பெட்டிக்குப் போவேன். இது உன் கைக்கு வரும்போது விஷயம் உனக்கும் உன் படகுத்துறைக்கும் ஊருக்கும் தெரிந்திருக்கும். பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ கேட்டது காதிலேயே இருக்கிறது. “இந்தா பாரு ரோவி, சுத்தி வளைச்சுப் பேசல. வீட்ட வாங்கிக்கறோம்னு சொன்ன வாத்து வேட்டை கிளப்புக்காரங்க புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க. தண்ணி ஏறாம வீட்டை உசத்திக் கட்ட அரசாங்கமே பணம் குடுக்கிற மசோதா வருதுன்னா நான் எதுக்கு விக்கணும்? வராதுன்னா இந்த விலைக்கு இன்னொருத்தன் வரமாட்டான். உங்க ஆபீசுல கணக்கு போட்டு முடிச்சாச்சாமே? கையெழுத்து போடட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு” என்றாய்.

நான் என்ன செய்தேன்? பாலத்தில் நடக்கிற சாலை வேலையைப் பற்றிப் பேசினேன். பாலம் தாண்டி உங்கள் பக்கம் வர இப்போதெல்லாம் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஆரம்பித்தேன். நீ கொஞ்ச நேரம் பேசவிட்டுவிட்டு, “எல்லாத்தையும் திறந்து வெக்கிற ஆபீசுன்னு பீத்திக்கிற. வாயில மட்டும் இவ்ளோ பெரிய பூட்டு” என்று சொன்னாய். பின்னாலிருந்து அண்ணி சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனேன். திரும்பி வந்தபோது நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டிருந்தாய்.

அந்தப் பூட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பல வருஷமாக உனக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பாதியில் கொட்டாவி விடுவாய். கடிதத்தில் கொட்டாவி விட்டால் எனக்குத் தெரியாது என்பதால் முழுவதும் சொல்கிறேன்.

நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தால் அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. நல்ல மசோதா, கெட்ட மசோதா என்று சொல்ல மாட்டோம். கணக்குப் போடுவது நான் இல்லை. எங்கள் ஆட்கள் போட்டதை மனிதர்கள் படிக்கிற மாதிரி திருத்தி, வெளியிடுகிற வேலை என்னுடையது. ‘ஏறத்தாழ’ என்று சேர்க்காமல் மணி என்ன என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாத ஆட்கள் அவர்கள். ஆனால் ஒளித்துவைக்கத் தெரியாதவர்கள். யாரிடம் விலை கேட்டோம், எந்த வழியில் கணக்குப் போட்டோம், எது எங்களுக்கே நிச்சயமில்லை என்பதெல்லாம் தாளில் இருக்கும். போட்டவரின் பெயரும் போன் நம்பரும் கடைசியில் இருக்கும். யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுத் திட்டலாம், திட்டுகிறார்கள். முன்பு சொன்ன கணக்குகளில் எங்கெங்கே தவறினோம் என்று நாங்களே புத்தகம் போடுகிறோம். தப்பான பழைய தாளைக் கிழித்துப் போடுவதில்லை. அது அங்கேயே இருக்கும், பக்கத்தில் திருத்தமும் இருக்கும். பார்க்கிறவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்று.

இவ்வளவும் திறந்திருக்க வேண்டுமென்றால் ஒன்று மட்டும் மூடியிருக்க வேண்டும் அண்ணா. வெளியாகும் நேரம் வரை யாருக்கும் எதுவும் தெரியக் கூடாது. மசோதா கொண்டுவந்தவருக்கும் அதை எதிர்ப்பவருக்கும் பத்திரிகைக்காரருக்கும் உனக்கும் ஒரே நேரம். ஒருவருக்கு முந்திச் சொல்லிவிட்டால் அப்புறம் நாங்கள் திறந்துவைப்பதற்கு அர்த்தமே இல்லை.

இந்த மசோதாவில் என்ன தொங்குகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. செலவு தான் சொன்ன தொகைக்குள் நின்றால் வாக்கெடுப்புக்கு விடுவேன், தாண்டினால் கைவிடுவேன் என்று குழுத் தலைவர் பத்திரிகைகளில் சொல்லியிருப்பது உங்கள் ஊர் மளிகைக்கடை வரை தெரியும். உங்கள் கரையில் எல்லோரும் எங்கள் தாளுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். குளிர்சாதனப் பெட்டியை சிமெண்ட் கட்டைமேல் தூக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தண்ணீர் உள்ளே ஏறுமென்று தரைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பீர்கள்? வீட்டை விற்றால் ஓடையைவிட்டு ஊருக்குள் போக வேண்டும். வீட்டு வாசலில் கட்டியிருக்கிற படகுக்கு, விடியுமுன்னே காரில் வந்து இறங்கும் ஆளாகிவிடுவாய். நீ அதைச் சாவு மாதிரி நினைக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. தலைப்பைப் பார்த்ததுமே எழுந்து போய் என் மேலதிகாரி இங்க்ரிட்டிடம், என் அண்ணன் வீடு பார்லோ முனையில்தான் இருக்கிறது, இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். கொடுக்க ஆள் இல்லை. இன்னொரு எடிட்டர் பிரசவ விடுப்பில் இருக்கிறாள். இங்க்ரிட் நான் சொன்னதைப் பதிவில் எழுதிக்கொண்டு, நான் திருத்துகிற ஒவ்வொரு வரியையும் தானே மறுபடி பார்ப்பதாகச் சொன்னாள். நான் கதவருகே போனதும் கூப்பிட்டாள். “ரோவீனா, நீ அவருக்கு ஒரு வார்த்தை சொன்னாலும் அவருக்கு மட்டும் சொன்னதா ஆயிரும். அந்தக் கரையில இன்னும் எத்தனையோ வீடு இருக்கு. அவங்களுக்கெல்லாம் இங்க தங்கச்சி இல்ல” என்றாள். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சுக்கு எதிரில் நின்றுகொண்டு அண்ணனை நினைக்கிற கஷ்டம் எதிரிக்கும் வரக் கூடாது.

உனக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். போன வருஷம் சிப்பிப் படுகை மசோதாவின்போதும் நீ கேட்டாய், நான் வாயைத் திறக்கவில்லை, மறுநாள் வந்த செய்தி உங்களுக்கெல்லாம் மோசமாகப் போயிற்று. அன்றிலிருந்து, “நீ கம்முனு இருந்தா கெட்ட சேதின்னு அர்த்தம்” என்று கேலி பேசுகிறாய். நான் எல்லாவற்றுக்கும் கம்மென்றுதான் இருக்கிறேன் அண்ணா. நல்லதற்கும் அப்படித்தான், கெட்டதற்கும் அப்படித்தான். என் மௌனத்தில் எதுவும் எழுதியிருக்காது. ஞாயிற்றுக்கிழமையே இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன், அதுவே ஒரு ஜாடையாகிவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

புதன் சாயங்காலம் வரை கையெழுத்துப் போடாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். கடைசி நிமிஷம் வரை எதையும் முடிக்காத ஆள் நீ. வியாழன் வரை அவகாசம் கேட்டு அந்த கிளப்புக்காரர்களிடம் பேச உனக்கு யாராவது புத்தி சொல்ல மாட்டார்களா என்று வேண்டிக்கொள்கிறேன். இதற்கு மேல் எழுதினால் தப்பாகிவிடும். மதிய இடைவேளையும் முடிகிறது.

*

வியாழக்கிழமை, மாலை

அண்ணா, உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். மிச்சத்தை எழுதுகிறேன்.

பத்து மணிக்குத் தாள் வெளியானது. என் கையால்தான் வெளியிட்டேன். அடுத்த நிமிஷமே உனக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. படகில் இருப்பாய் என்று நினைத்தேன். இனி என்ன, சொல்லலாம், கத்திச் சொல்லலாம் என்று மனசு பறந்தது. நடைவழியில் நின்றபடி உன் நம்பரையே திரும்பத் திரும்ப அழுத்தினேன். நண்பகல் தாண்டி அண்ணி எடுத்தாள்.

பார்த்தீர்களா, தொகைக்குள் நின்றுவிட்டது, நன்றாகவே உள்ளே நின்றுவிட்டது, வாக்கெடுப்புக்கு வரப் போகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அண்ணி நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. “கொஞ்சம் இரு ரோவி, உக்காந்துக்கறேன்” என்றாள். பிறகு சொன்னாள். நீ திங்கட்கிழமை காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாயாம்.

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “உன்கிட்டப் பேசிட்டு வந்து ராத்திரி சாப்பிடவே இல்ல. அவ தொண்ட அடைச்சுப் போச்சு மார்லீன், தண்ணி குடிக்கறேன்னு எந்திரிச்சுப் போயிட்டா, சிப்பி விசயத்துலகூட இவ்ளோ இல்ல, அப்ப சேதி ரொம்ப மோசம்னு சொன்னாரு. விடிஞ்சதும் பேனாவ எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. புதன்கிழம வரைக்கும் எதுக்கு இழுக்கணும், அந்தப் புள்ள மனசு இன்னும் கஷ்டப்படும்னாரு” என்றாள்.

நான் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து மேலே இருப்பதையெல்லாம் எழுதியபோது எல்லாம் முடிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேலி வேறு செய்திருக்கிறேன், கொட்டாவி விடுவாய் என்று.

நல்ல செய்தி அண்ணா. நல்ல செய்தியை விழுங்கினதால்தான் தொண்டை அடைத்தது. அழுகை மாதிரி உனக்குக் கேட்டது அதுதான். கெட்ட செய்தியாக இருந்திருந்தால் நான் சாலை வேலையைப் பற்றி ஒழுங்காகப் பேசி முடித்திருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. உனக்கு நல்லது நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை.

அண்ணியை வக்கீலிடம் பேசச் சொன்னேன், பேசிவிட்டுச் சாயங்காலம் கூப்பிட்டாள். வெளியே வர வழி இருக்கலாம், வழக்காகும் என்று வக்கீல் சொன்னாராம். நீ கேட்கவில்லையாம். “கை குலுக்கியாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டாயாம். உன் போனும் அதோடு நின்றுவிட்டது.

நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். நூறு தடவை யோசித்தாலும் வேறு மாதிரி செய்திருக்க மாட்டேன். அந்த கிளப்புக்காரர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு தங்கை இருந்து, அவள் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் உன்னிடம் இன்னும் எப்படியெல்லாம் பேரம் பேசியிருப்பார்கள் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருக்கிறது. சரியாக இருந்து என்ன பிரயோஜனம், உன் வீடு போய்விட்டது.

இங்க்ரிட்டிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை, சொல்லவும் இல்லை. மேசையைவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பக்கத்து ஆட்கள் கணக்குக் குறைச்சல் என்றும் இன்னொரு பக்கத்து ஆட்கள் அதிகம் என்றும் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் அவர்களுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது.

மசோதா இன்னும் சட்டமாகவில்லை. கீழவையில் ஜெயித்தாலும் மேலவையில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எதையும் உள்ளதற்கு மேலே சொல்லக் கூடாது என்கிற தொழில் பழக்கம், உன்னிடமும் வந்துவிடுகிறது.

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். போனை எடுக்காமல் மட்டும் இருக்காதே அண்ணா. அண்ணியை என் பொருட்டுக் கடிந்துகொள்ளாதே, அவள் மறைக்காமல் சொன்னாள். உனக்கும் அவளுக்கும் ஓடைக்கும் நல்லதே நடக்கட்டும்.

உன் தங்கை,
ரோவீனா

*

பார்லோ முனை
ஏப்ரல், மழை நாள்

ரோவீனாவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாயிற்று. பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டிமேல் வைத்திருந்தேன். மார்லீன் தினமும் அதைத் துடைத்துத் துடைத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைசியில் அவளே பிரித்து, அவளே சத்தமாகப் படித்தாள். முட்டிவலிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அப்படியேதான் இருக்கிறது.

எனக்குக் கடிதம் எழுத வராது. இன்று காற்று அதிகம், படகு எடுக்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்தேன்.

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். எழுதினால் நீயே நம்ப மாட்டாய். அந்த வியாழக்கிழமை நான் போனை எடுக்காததற்குக் காரணம், எடுத்திருந்தால் பிறகு நாம் பேசவே முடியாதபடி ஏதாவது சொல்லியிருப்பேன்.

உன்னைத் திட்ட முடியாததால், தாளின் கடைசியில் பெயரும் நம்பரும் இருக்கிறவனைக் கூப்பிட்டுத் திட்டினேன். டெஸ்மண்ட் ஹாலோவே என்று ஒருவன். வேறு யாராவது எடுத்துக் காக்கவைப்பார்கள் என்று நினைத்தேன். அவனே எடுத்தான். “யாருப்பா நீ? எங்க ஊருத் தண்ணியில கால் வெச்சிருக்கியா? எங்க வீட்ட உசத்துறதுக்கு என்ன ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கத்தினேன். “தெரியாதுதான் சார். அதனால வேலை செய்யறவங்ககிட்டக் கேட்டோம். கேட்ட விலையெல்லாம் கடைசிப் பக்கத்துல இருக்கு. தப்புன்னா சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்றான். சரி, நானும் சொன்னேன். எங்கள் பக்கம் மண் எப்படி, தூண் எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்று. எழுதிக்கொண்டான். எழுதுகிற சத்தம் கேட்டது. அப்படிப்பட்டவனை எவ்வளவு நேரம்தான் திட்டுவது?

பிறகு நிதானமாகக் கேட்டேன். இத்தனை வீடு இருக்கிற கரையில் தொகை எப்படி இவ்வளவு குறைவாக வந்தது என்று. அவன் சொன்னான், “எல்லா வீட்டையும் உசத்த வேண்டியிருக்காது சார். சட்டம் வர்ற வரைக்கும் சில பேரால காத்திருக்க முடியாது. கெடைச்ச விலைக்கு வித்துட்டுப் போயிருவாங்க. இதுக்கு முன்னாடி வேற கரைகள்ல அப்படித்தான் நடந்திருக்கு. குடியிருக்கிறவங்களுக்குத்தான் இந்தப் பணம், அதனால அவங்களக் கழிச்சுட்டுத்தான் கணக்கு” என்று.

“அந்தச் சில பேர்ல ஒருத்தன்தான் பேசறேன்” என்றேன்.

எழுதுகிற சத்தம் நின்றது. வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. “வருத்தமா இருக்கு சார்” என்று சொன்னான். வேறு எதுவும் சேர்க்கவில்லை. அதற்காக அவன்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. நீ அவனிடம் சொல்லலாம்.

அதன் பிறகுதான் மார்லீனிடம் தாளை அச்செடுத்துத் தரச் சொல்லி முழுவதும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. “சில உரிமையாளர்கள், திட்டம் தொடங்கும் முன்பே தங்கள் வீடுகளை விற்றுவிடுவார்கள்.” மற்ற வரிகளெல்லாம் கரடுமுரடாக இருக்கின்றன, இது மட்டும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. இது உன் கை பட்ட வரி. வெள்ளிக்கிழமை இதைத் திருத்தும்போது நீ என்னை நினைத்திருப்பாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறேன். அதைப் படித்தபோதுதான் உன் பக்கம் என்னவென்று கொஞ்சம் புரிந்தது. அதுவரை என் பக்கம் மட்டும்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு ஆர்டித்தை நினைவிருக்கும், புருஷன் போனபின் தனியாக இருக்கிறாளே. அவளுக்கும் கிளப்புக்காரர்கள் அதே விலை, அதே புதன்கிழமை சொல்லியிருந்தார்கள். அவள் விற்கவில்லை. எப்படி இவ்வளவு தைரியம் என்று கேட்டேன். “தைரியமா? எனக்கு யாரும் எதுவும் சொல்லவும் இல்ல, யாரும் எதுவும் சொல்லாம இருக்கவும் இல்ல. எனக்கு யாரு இருக்கா வாஷிங்டன்ல? சரி, வர்றது வரட்டும்னு உக்காந்துட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு எனக்கு ஒரு அடுக்கு கேக் துண்டு வெட்டிக் கொடுத்தாள். அதை விழுங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அவளுக்கு யாரும் இல்லாததால் வீடு நின்றது. எனக்கு நீ இருந்ததால் போயிற்று. இப்படி நான் துறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், சிரிக்க வைத்தேன். நேற்று சொல்லும்போது எனக்கே அது பொய் என்று தெரிந்துவிட்டது. நீ எனக்கு எதையும் கொடுக்கவில்லை. கொடுக்காததிலிருந்து நான் பிடுங்கப் பார்த்தேன். ஆர்டித்துக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது ரோவி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிடாமல் படுத்தபோதும் அந்தத் திமிர் இருந்தது, ஊருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று. மார்லீனிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

மசோதா மேலவையில் கிடக்கிறது. அது சட்டமானால் உன்மேல் மறுபடி கோபம் வரும். ஆகாமல் போனால் நான்தான் கெட்டிக்காரன், எல்லோருக்கும் முன்னால் விற்றுவிட்டேன் என்று ஊர் சொல்லும். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? ஆர்டித் வீடு உயர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மனசார வேண்டிக்கொள்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு.

மாதக் கடைசியில் சாவி கொடுக்க வேண்டும். ஊருக்குள், வண்டிப் பட்டறைக்கு மேலே இரண்டு அறை பார்த்திருக்கிறோம். ஜன்னலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாது. தரை காய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு மார்லீன் அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் ஈரத்தில் இருமினவள், அவளைக் குறை சொல்ல முடியாது. படகு ஓடையிலேயே இருக்கும், ஆர்டித் துறையில் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். நண்டுப் பருவம் தொடங்கிவிட்டது. முதலில் இறக்கிய கூடுகளில் பிடிபட்டது பரவாயில்லை.

உன் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாக மார்லீனிடம் சொன்னாயாம். விடாதே. நாளைக்கு வேறு ஏதோ கரையில் வேறு ஏதோ முட்டாள் ஒருவன் அந்தத் தாளுக்காகக் காத்திருப்பான். அவனுக்கு முன்னால் யாரும் பார்க்கவில்லை என்று அவன் நம்ப வேண்டும்.

எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எடுக்கிறேன். எதுவும் கேட்க மாட்டேன். உனக்கு அழுகை வந்தால் அழு, எழுந்து போகாதே. எதற்கு அழுகிறாய் என்று நான் யோசிக்கவே மாட்டேன்.

உன் அண்ணன்,
எல்வுட்